கணக்கில் வராத ஒன்பது கிலோமீட்டர்

வாங்க, வாங்க. கேட்டை நல்லாச் சாத்திட்டு வாங்க, மாடு வந்துரும். மேல் வீட்டுத் தம்பி விஷயமாத்தானுங்களே வந்திருக்கீங்க? நீங்க சொல்லவே வேண்டாம். உள்ள வர்றதுக்கு முன்னாடி ரோட்டுல நின்னு, வீட்டை மேல ஒருக்கா, கீழ ஒருக்கா பார்த்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. பொண்ணு வீட்டுக்காரங்கதான் அப்படிப் பார்ப்பாங்க. பையனைப் பத்தி விசாரிக்க வந்திருக்கீங்க. நல்லதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடிதான் விசாரிக்கோணும். முடிஞ்சபொறகு விசாரிச்சு என்ன பண்றது?

இல்லைங்க, பேர் ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். விசாரிக்க வர்றவங்ககிட்ட நான் பேரே கேக்கறதில்லை. நாளைக்கு அந்தத் தம்பி 'யாருங்க வந்தது'ன்னு கேட்டா, 'யாரோ, எனக்குத் தெரியாது'ன்னு சொல்லலாம் பாருங்க. பொய் சொன்ன பாவமும் சேராது. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

எம் பேரு அரங்கசாமி. கரண்டு ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் வீடு வீடாப் போயி மீட்டர் ரீடிங் எடுத்தவன். மீட்டருக்குள்ள எக்ஸ்ரே பிலிமைச் சொருகிச் சக்கரத்தை நிறுத்தறவன், பக்கத்து வீட்டுல இருந்து வயர் இழுக்கறவன், எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! வாசல்ல நின்னு ஒரு ஆள் சிரிக்கிற சிரிப்பை வெச்சே உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிருவேன். அதனால நீங்க சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கீங்க. இந்த வீதியில மத்தவங்ககிட்டக் கேட்டா, 'நல்ல பையனுங்க'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. அவங்களுக்கென்ன?

ருக்கு! ரெண்டு காப்பி கொண்டா!

என்னது, கேசரியா? இன்னைக்குப் புதன்கிழமை, ஒரு விசேஷமும் இல்லை. எதுக்குடி கேசரி? பார்த்தீங்களா, உள்ள போயிட்டா. என் வீட்டுலயே எனக்குத் தெரியாம முந்திரிப்பருப்பு வறுபடுது. சரி, நீங்க சாப்பிடுங்க.

பையன் பேரு நவநீதன். அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். முப்பது வயசு. சத்தி ரோட்டுல ஒரு பம்ப் கம்பெனியில டெஸ்டிங் இஞ்சினியர். குடி வந்து எட்டு மாசம் ஆச்சு. வாடகையில ஒரு குறையும் சொல்ல முடியாது. குடி, சிகரெட்டு உண்டான்னு கேப்பீங்க. அவன் குப்பைக்கூடையை நானே பார்த்துட்டேனுங்க, ஒண்ணும் இல்லை. வெங்காயத்தோலு, பால் பாக்கெட்டு, அவ்வளவுதான். அதுவே எனக்குச் சந்தேகம். ஒண்ணுமே இல்லாம ஒரு வாலிபப் பையனோட குப்பைக்கூடை இருக்குமுங்களா?

அதெல்லாம் கூட விடுங்க. விஷயம் அந்தக் கார்.

நீங்க வர்றப்போ ஷெட்டு காலியா இருந்ததில்லீங்களா? ஆறு மணிக்கு மேல வந்திருந்தா பார்த்திருப்பீங்க. ரெண்டே சீட்டுங்க. தரையோட தரையா இருக்கும், நாய் படுத்திருக்கிற உசரம். ஜப்பான்ல செஞ்சது, தொண்ணூத்தாறாம் வருஷத்து வண்டி. சிங்கப்பூர்ல இருந்து திரும்பி வந்த யாரோ ஒருத்தர் கையோட கொண்டாந்தாராம். ரேஸ் வண்டி மாதிரி. லைட்டு ரெண்டும் உள்ள ஒளிஞ்சிருக்கும், சுவிட்சைப் போட்டா மேல எந்திரிக்கும். அதுலயும் இடது பக்கத்து லைட்டு சோம்பேறி, வலது எந்திரிச்சு ஒரு நிமிஷம் கழிச்சுத்தான் வரும். எதிர் வீட்டு அம்மா அதைப் பார்த்துட்டு, 'வண்டி கண்ணடிக்குது'ன்னு சண்டைக்கே வந்துட்டாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. பழைய வண்டியை ஆசைக்கு வாங்கறவன் என்ன பண்ணுவான்? துணியைப் போட்டு மூடி வெச்சு, ஞாயித்துக்கிழமை ஒரு சுத்து ஓட்டுவான். இவன் அதுலதான் தினமும் வேலைக்குப் போறானுங்க! மழைன்னாலும் அதான், வெயில்னாலும் அதான். அவன் கம்பெனியில தவணை போட்டுப் புது வண்டி எடுக்க வசதி இருக்குது. அந்தச் சம்பளத்துக்குப் புது வண்டி வாங்கலாம். வாங்கலைன்னா அதுல என்னமோ இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?

நான் நேராவே கேட்டேன். 'ஏப்பா, ஊரு உலகமெல்லாம் புதுசு வாங்குது, நீ மட்டும் ஏன் இந்தக் கிழட்டு வண்டியைக் கட்டிக்கிட்டு அழுவற?' அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? 'ஐயா, இந்த மாதிரி வண்டியை நிறுத்தி வெச்சாத்தான் கெட்டுப்போகும். ரப்பரெல்லாம் காய்ஞ்சிரும், பெட்ரோல் நாறிப்போகும். தினமும் ஓட்டினா அதுக்கு ஒண்ணும் ஆகாது. எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லும், நாம காது குடுத்தாப் போதும்' அப்படிங்கறான். வண்டி பேசுமாமுங்க. நானும் தலையை ஆட்டிக்கிட்டேன்.

ஏழு மாசம் தேடினானாம். மூணு வண்டி பார்த்தானாம். ஒண்ணு பளபளன்னு புதுப் பெயிண்ட் அடிச்சது, அது வேண்டாமுன்னுட்டான். பெயிண்டுக்கு அடியில என்ன இருக்கோ யாருக்குத் தெரியும்னு. இன்னொண்ணு பத்து வருஷமா ஷெட்டை விட்டு வெளிய வராதது, அதுவும் வேண்டாம். மூணாவது இது. பெயிண்ட் மங்கிப்போயி, டிரைவர் சீட்டு தேய்ஞ்சு கிடந்துச்சாம். ஆனா இருபது வருஷமா ரிப்பேர் பார்த்த ரசீது அத்தனையும் ஒரு பையில இருந்துச்சாம். 'ஒழுங்காப் பார்த்துக்கிட்ட வண்டிங்கய்யா, அழகைப் பார்க்கலை, பழக்கத்தைப் பார்த்தேன்'ங்கறான். அவங்க ஒறம்பரையில, சொந்தக்காரங்கள்ல யாரோ பெரிய மனுசன் கூடப் போயி, வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்து, 'இதை எடு'ன்னு சொன்னாராம். அந்த ஆளுக்கு எங்க போச்சு புத்தி? வயசுப் பையன் ரெண்டு சீட்டு வண்டி வாங்கப் போறான், பெரியவர் தடுக்க வேண்டாமா? நான் இருந்திருந்தா...

என்னங்க, கேசரி தொண்டையில சிக்கிக்கிச்சுங்களா? தண்ணி குடிங்க. ருக்கு, தண்ணி!

அவ ஏன் இப்படிப் பாத்திரத்தை உருட்டறான்னே தெரியலை. விருந்தாளி உக்காந்திருக்கிறப்ப.

அந்த வண்டியை ஓட்டறதும் லேசில்லீங்க. நம்ம வீதியில மூணு ஸ்பீடு பிரேக்கர். நேரா ஏறினா அடிவயிறு தட்டும். அதனால ஒவ்வொண்ணையும் குறுக்கால, நண்டு நடக்கிற மாதிரி ஏத்தி இறக்குவான். பின்னாடி பத்து வண்டி ஹாரன் அடிச்சாலும் அவசரப்பட மாட்டான். டிராபிக்குல சூடு ஏறுனா ஓரங்கட்டி நிறுத்தி, பத்து நிமிஷம் சத்தமில்லாம பொட்டாட்ட நிப்பான். இஞ்சின் ஆயிலு, தண்ணி கேன், ஸ்பேனர் எல்லாம் எப்பவும் உள்ள இருக்கும். ஒருக்கா கூடக் கோவப்பட்டு நான் பார்க்கலை. வண்டியைத் திட்டினதும் இல்லை. இத்தனை பொறுமை ஒரு மனுசனுக்கு எதுக்குங்க? எதையோ மறைக்கிறவனுக்குத்தான் அத்தனை பொறுமை வரும்.

ரெண்டு சீட்டுங்கறதை யோசிங்க. நாளைக்கு உங்க பொண்ணைக் கட்டிக் குடுத்தா, அவங்க அப்பா அம்மாவை எங்க உக்கார வைப்பான்? கூரை மேலயா? ரெண்டு சீட்டு வண்டி வாங்கறவன் மனசுல ரெண்டாவது ஆளு ஏற்கெனவே இருக்கான்னு அர்த்தம். இல்லை, இருக்கான்னு சொல்லப்படாது. இருக்கா.

ஆமாங்க. பொண்ணு. அதைச் சொல்லத்தான் உங்களை உக்கார வெச்சிருக்கேன்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டேன், ஆதாரம் வெச்சிருக்கேன். அந்த வண்டியில கிலோமீட்டர் காட்டற மீட்டர் இருக்கு பாருங்க, அது புது வண்டி மாதிரி சாவி போட்டாத்தான் எரியறது இல்லை. நம்ம பழைய கரண்டு மீட்டர் மாதிரியே, சக்கரத்துல நம்பர் உருளற ரகம். கண்ணாடிக்கு வெளிய நின்னாலே தெரியும். முப்பத்தோரு வருஷப் பழக்கம், கை சும்மா இருக்குமுங்களா? தினமும் காலையில ஆறு மணிக்கு நான் ரீடிங் எடுக்கறேன். தேதி காலண்டர்ல கிழிக்கிற தாளோட பின்பக்கத்துல எழுதி வெப்பேன். இங்க பாருங்க, கட்டுக் கட்டா இருக்கு.

இங்கிருந்து அவன் கம்பெனிக்கு எட்டு கிலோமீட்டர். நானே டவுன் பஸ்ஸுல போயி விசாரிச்சுட்டு வந்தேன். போக எட்டு, வர எட்டு, பதினாறு. ஆரம்பத்துல மூணு மாசம் பதினாறு, பதினாறு, பதினாறுன்னு அச்சடிச்ச மாதிரி வந்துச்சு. ஜூன் மாசத்துல இருந்து இருபத்தஞ்சு! தினமும் இருபத்தஞ்சு! மிச்சம் ஒன்பது கிலோமீட்டர் எங்க போகுதுங்க? எந்த வீட்டுலயாவது இப்படித் திடீர்னு ரீடிங் எகிறினா நாங்க என்ன பண்ணுவோம்? லைனைப் புடிச்சுக்கிட்டே போயி, எங்க கொக்கி போட்டிருக்குன்னு பார்ப்போம்.

பார்த்தேனே! முதல்ல கிழமையைப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்லை. ரெண்டாம் சனிக்கிழமை மட்டும் சரியாப் பதினாறு. அவனுக்கு அன்னிக்கு வேலை உண்டு, ஆனா அந்த ஒன்பது காணாமப் போயிருது. உடனே மூக்குல வேர்த்திருச்சு. அந்தப் பொண்ணு, ரெண்டாம் சனிக்கிழமை லீவு விடற எடத்துல வேலை பார்க்குது. எனக்கு எப்படித் தெரியும்னா, எம் பொண்ணு தாரிணிக்கும் ரெண்டாம் சனிதான் லீவு. அன்னிக்கு அவ வீட்டுலதான் துணி துவைச்சுக்கிட்டு இருப்பா.

அப்புறம் ஆகஸ்டு மாசம், ஞாயிறு போக, ஒம்பது நாள் தொடர்ந்து பதினாறு. சரி, அந்தப் பொண்ணுகூடச் சண்டை போட்டுட்டானாட்ட இருக்குன்னு நினைச்சேன். அப்ப எங்க வீட்டுல பெரிய கஷ்டமுங்க. தாரிணிக்கு டைபாய்டு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா நான் அலைஞ்ச அலைச்சல்! அந்த அலைச்சல்லயும் ஒரு நாள் ரீடிங் எடுக்காம விட்டதில்லை. அவனும் பாவம், அந்த ஒம்பது நாளும் முகம் செத்துப்போயித்தான் கிடந்தான். தினமும் சாயங்காலம் இளநி வாங்கிட்டு வந்து ருக்குகிட்டக் குடுத்துட்டுப் போவான். வீட்டு ஓனர்ங்கற மரியாதைக்கு. நான்தான் குடிச்சேன். பத்தாவது நாள் தாரிணி வேலைக்குப் போனா, அன்னிக்கே இவனும் சமாதானம் ஆயிட்டான். ரீடிங் இருபத்தஞ்சு.

ஏனுங்க சிரிக்கிறீங்க? இல்லீங்களா? சரி.

வண்டிக்குள்ளயும் எட்டிப் பார்த்திருக்கேன். பக்கத்து சீட்டு மேல கூரை சந்துல மழை ஒழுகும். அங்க ஒரு துண்டை மடிச்சு வெச்சிருக்கான். எங்க வீட்டுத் துண்டு மாதிரியே பச்சைக் கட்டம் போட்டது. ஈரோட்டுத் துண்டு, எல்லார் வீட்டுலயும் அதானே இருக்கும். யாரு நனையாம இருக்கிறதுக்கு அந்தத் துண்டு? அந்த சீட்டுல காத்தா உக்காந்து வருது?

பொறகு தாரிணிகிட்டயே வேலையை ஒப்படைச்சேன். அவ காலையில எட்டேகாலுக்குக் கிளம்பி மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவா. இவன் எட்டரைக்கு வண்டியை எடுப்பான். 'அம்மணி, நீ பஸ்ஸுக்கு நிக்கிறப்ப அந்த வண்டி எந்தப் பக்கம் திரும்புது, உள்ள யாரு ஏறறான்னு மட்டும் பார்த்துச் சொல்லு'ன்னேன். எம் பொண்ணு தங்கமுங்க, அப்பன் சொன்னா மறுபேச்சுப் பேச மாட்டா. ஒரு நிமிஷம் என்னையே பார்த்துட்டு, 'சரிப்பா'ன்னா. தினமும் சாயங்காலம் கேப்பேன். 'பார்த்தியா அம்மணி?' 'பார்த்தேன்ப்பா.' 'யாராச்சும் ஏறினாங்களா?' 'யாரும் புதுசா ஏறலைப்பா.' அவ்வளவுதான் சொல்லுவா. அவ பார்வைக்கே மாட்டாம ஏத்தறான்னா, எவ்வளவு கைதேர்ந்தவனா இருக்கோணும்!

வா ருக்கு, என்ன? உள்ள வரணுமா? என்ன அவசரம்? இவரு முன்னாடியே சொல்லு. கேஸ் சிலிண்டர் மாத்தணுமா? நேத்துத்தானே மாத்தினேன்! நீ போ, நான் வர்றேன்.

பாருங்க, கண்ணை உருட்டறா. நான் அடுத்தவன் குடும்ப விஷயத்தைப் பேசறேன்னு அவளுக்குக் கோவம். ஆனா எனக்கு மனசு கேக்கலீங்க. நானும் பொண்ணைப் பெத்தவன்தான். இருபத்தெட்டு முடிஞ்சுபோச்சு தாரிணிக்கு. எம்.எஸ்ஸி. படிச்சிருக்கா, கண்ணுக்கு லட்சணமா இருப்பா. நாலு எடம் வந்துச்சு. நாலும் தட்டிப்போச்சு. எவனோ இந்த வீதியிலதான் கலைச்சு விடறான். யாருன்னு தேடிக்கிட்டே இருக்கேன். நான் ஒவ்வொரு எடத்துலயும் ஒழுங்கா விசாரிச்சேனுங்க. ஒரு மாப்பிள்ளையோட பத்தாங்கிளாஸ் மார்க்கைப் பார்க்க அவன் பள்ளிக்கூடத்துக்கே போனேன். இன்னொருத்தன் வீட்டுக் கரண்டு பில்லு அஞ்சு வருஷத்துது கேட்டேன். அதுல என்ன தப்பு? 'உங்க சங்காத்தமே வேண்டாம்'னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. மடியில கனம் இருந்ததனாலதானே போனாங்க?

ராத்திரி படுத்தா எனக்கு அந்த வெசனம்தான். எம் புள்ளை ஒண்ணும் கேக்க மாட்டா. அவ அம்மாகிட்டக் கூட வாயைத் தொறக்க மாட்டா. நாலாவது எடம் போன அன்னிக்கு மட்டும், 'இனி எனக்காக யாரையும் விசாரிக்காதீங்கப்பா'ன்னு சொன்னா. ஒரு அப்பனுக்கு அதைவிட வேற என்னங்க வேணும், அழறதுக்கு? அதனாலதான் சொல்றேன், உங்க பொண்ணுக்கும் அந்த நிலைமை வரக்கூடாது. இவனை விட்டுருங்க.

என்னங்க கேட்டீங்க? எம் பொண்ணு எங்க வேலை பார்க்கறான்னா? அது எதுக்குங்க உங்களுக்கு? இல்லை, சொல்றதுல ஒண்ணும் இல்லை. பீளமேட்டுல, துணி டெஸ்ட் பண்ற லேபுல இருக்கா. கலர் போகுதா, சுருங்குதான்னு பார்ப்பாங்க. கிட்டத்தான். பஸ்ஸுல மூணாவது ஸ்டாப். ஒரு நாலரை கிலோமீட்டர் இருக்கும்.

அங்கிருந்து சத்தி ரோட்டுக்கா? குறுக்கால ரோடு இருக்குதுங்களே. லேபுல இருந்து அந்தக் கம்பெனிக்குப் போகணும்னா அதே எட்டு கிலோமீட்டர்தான் வரும். இங்கிருந்து நாலரை, அங்கிருந்து எட்டு, பன்னெண்டரை. திரும்பி வர்றப்பவும் பன்னெண்டரை. இருபத்தஞ்...

இருங்க.

ஒரு நிமிஷம் இருங்க.

ஜூன் மாசம்தான் பஸ்ஸுல ரொம்பக் கூட்டமுன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. அப்புறம் சொல்றதையே விட்டுட்டா. நான், பஸ்ஸு அதிகமா விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்.

டைபாய்டு ஒம்பது நாளு.

ருக்கு! ருக்கு, இங்க வா. உனக்குத் தெரியுமா? தலையைக் குனியாதே, தெரியுமா தெரியாதா? எத்தனை மாசமா? அப்ப நான் தினமும் காலையில ஆறு மணிக்குப் போயி அந்தக் கண்ணாடியில மூஞ்சியை வெச்சு ரீடிங் எடுத்துட்டு வர்றப்போ, நீ காப்பி ஆத்திக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருந்திருக்க?

நீங்க யாருங்க?

இல்லை, கோவமா கேக்கலீங்க. நீங்க வந்தப்போ என்னமோ சொல்ல வந்தீங்க. ரெண்டு மூணு தரம் வாயைத் தொறந்தீங்க. நான்தான் பேர் வேண்டாம், ஊர் வேண்டாமுன்னு அடக்கிட்டேன். இப்பச் சொல்லுங்க. பொண்ணு வீட்டுல இருந்துதானே வர்றீங்க?

தாய்மாமனா? யாருக்கு?

அப்ப, மாப்பிள்ளை வீடு நீங்க. மாப்பிள்ளையோட மாமன் விசாரிக்க வந்திருக்கீங்க. வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்த அந்தப் பெரிய மனுசன்... நீங்கதானுங்களா? ஐயோ.

அப்ப பொண்ணு வீடு யாரு?

நாங்களா?

உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. உங்க கையைப் புடிச்சுக் கேக்கறேன், எந்திரிக்காதீங்க. நாலு எடத்தைக் கலைச்சுவிட்ட ஆளை நான் வீதி பூராத் தேடினேன். அஞ்சாவது எடத்துக்காரரை நானே உக்கார வெச்சு, கேசரியும் குடுத்து, 'இவனை விட்டுருங்க'ன்னு சொல்லிட்டேன். நீங்க இப்ப என்ன நினைப்பீங்க? 'இந்த ஆளுக்கு மருமகனாப் போனா என் அக்கா பையன் தினமும் ரீடிங் குடுத்தே சாகணும்'னு நினைப்பீங்க. நியாயம்தானுங்க. நான் உங்க எடத்துல இருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன்.

ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. நான் சொன்னதையே திருப்பி நினைச்சுப் பாருங்க. அந்தப் பையனைப் பத்தி ஒரு கெட்ட வார்த்தை, உருப்படியா ஒண்ணே ஒண்ணு, என் வாயில இருந்து வந்துச்சுங்களா? எட்டு மாசம் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தவன் நான். எனக்கே ஒண்ணும் மாட்டலீங்க. பழசுன்னு தள்ளிவிட மாட்டான், நின்னுபோச்சுன்னு உதைக்க மாட்டான், மழை ஒழுகுற எடத்துல எம் புள்ளை நனையாம இருக்க... அது எங்க வீட்டுத் துண்டேதானா, ருக்கு? சரி, சரி.

என்னமோ சொல்றீங்களே, சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது அடைச்சுக்கிச்சு. 'பையன் வீட்டுல எல்லாருக்கும் சம்மதம், பொண்ணோட அப்பாகிட்ட யாரு பேசறதுங்கறதுதான் மூணு மாசமா ஓடற பேச்சு'ங்களா? அவளா அப்படிச் சொன்னா? 'எங்கப்பா விசாரிக்க ஆரம்பிச்சா நீங்க எல்லாரும் ஓடிருவீங்க'ன்னு எம் பொண்ணா சொன்னா? என் தாரிணியா?

கேக்குதுங்களா? அந்தச் சத்தம். வந்துட்டாங்க. அதோட இஞ்சின் சத்தம் தனியாத் தெரியும். அந்தத் திருப்பத்துல முப்பது செகண்டு நிக்கும் பாருங்க. தினமும் நிக்கும். நான் என்ன நினைச்சேன்னா, பழைய வண்டி, திருப்பத்துல இஞ்சின் திணறுதுன்னு. அங்கதான் எம் புள்ளை இறங்குவாளாட்டம் இருக்குது. அவ இறங்கி, பையைத் தூக்கிக்கிட்டு அந்த இருநூறு அடியைத் தனியா நடந்து வருவா, பஸ்ஸுல வந்த மாதிரி. டைபாய்டு வந்து எந்திரிச்ச உடம்போட கூட அங்கயேதான் இறங்கி நடந்திருக்கா. வாசல்ல நான் நிக்கிறேன்னு பயந்துக்கிட்டு.

அதோ, நின்னுருச்சு.

நீங்க உக்காருங்க, போயிராதீங்க. ருக்கு, மாமாவுக்கு இன்னும் ரெண்டு கரண்டி கேசரி வையி. அவ இறங்கறதுக்குள்ள நான் ஓடிப் போயி, இறங்க வேண்டாம், வாசல் வரைக்கும் வண்டியிலயே வா அம்மணின்னு சொல்லிட்டு வந்திடறேன்.